கைப்பையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்

சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ரயிலில் அரை மணிகூட ஆகாது. மூன்று வருடமாக எனக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆனது. வயிறு கலக்க, நடுவில் இரண்டு நிலையங்களிலாவது இறங்கிக் கழிவறைக்கு ஓடுவேன். கைப்பையில் எப்போதும் நான்கு டிஷ்யூ பாக்கெட் இருக்கும். "டென்ஷனைக் குறைங்க" என்று சொன்ன ஒவ்வொருவராலும் எனக்கு டென்ஷன் ஏறியதுதான் மிச்சம்.

உணவு ஆலோசகர் மட்டும் என் சாப்பாட்டுக் குறிப்பைப் படித்துவிட்டு, "சாப்பிடும்போது என்ன பண்றீங்க?" என்று கேட்டார். மூன்று வேளையும் அலுவலக மின்னஞ்சலுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து தட்டின் முன் உட்கார்ந்தால் போனைத் தொடுவதில்லை. எட்டு மாதத்தில் வயிறு மெல்ல அடங்கியது.

இன்று எங்கும் இறங்காமல் வந்து சேர்ந்தோம். தேக்கா உணவங்காடியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கணவர் முகிலன் பழைய பழக்கத்தில், "பேக் பண்ணிடலாமா? வீட்லனா உனக்கு வசதி லா" என்றார்.

"எனக்கு ஒண்ணும் ஆகாது. இங்கேயே சாப்பிடலாம்."

ஒரு மேசை காலியானது. ஊரே செய்வதுபோல, இடம் பிடிக்க டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து அதன்மேல் வைத்தேன். இப்போதெல்லாம் பையில் இருப்பது அந்த ஒன்றுதான். அதை அங்கேயே விட்டுவிட்டு, அப்பம் வாங்க வரிசையில் போய் நின்றேன்.