இறங்காத ஏழு கைகள்

பள்ளிக்கூடத்துக்கான நிதியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டலாம் என்று செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு நகர்மன்றத்தில் தூக்கப்பட்ட ஏழு கைகளும் அதற்குப் பிறகு கீழே இறங்கவில்லை. பதினொரு உறுப்பினர்களில் ஏழு பேர் வலது கையைத் தூக்கினார்கள், எழுத்தர் எண்ணிக் குறித்தார், தேநீர் வந்தது, ஏழு பேரும் இடது கையால் குடித்தார்கள். தலைவருக்கு ஓட்டு கிடையாது. அவருடைய இரண்டு கைகளும் சௌகரியமாக மேசைமேல் இருந்தன. அரசு மருத்துவர் வந்து தோளைத் தட்டிப் பார்த்து, எலும்பு சரி, நரம்பு சரி, கை மட்டும் மேலே இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். கயிறு கட்டி இழுத்தபோது ஆள்தான் நாற்காலியோடு சேர்ந்து நகர்ந்தார். தையற்காரம்மா ஏழு பேருக்கும் சட்டையைத் தோள் வரை பிரித்துப் பொத்தான் வைத்துக் கொடுத்தாள். பத்தே நாளில் ஊருக்கு இது பழகிவிட்டது. இந்த ஊருக்கு எதுதான் பழகாது?

ஏழில் கடைசியாக உயர்ந்த கை, நாலாம் வகுப்பு டீச்சரின் தம்பியுடையது. பெற்றவர்கள் போன பிறகு தாய்க்குத் தாயாக இருந்து அவனை வளர்த்தவள் அவள். தேர்தலில் அவனுக்காக வெயிலில் முந்நூறு வீட்டுப் படியேறியதும் அவள்தான். "அக்கா, நான் இருக்கிறவரைக்கும் பள்ளிக்கூடத்து மேல ஒருத்தனும் கை வைக்க முடியாது" என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று ஊர் சொன்னது. டீச்சர் அதைக் கேட்டுக்கொண்டு பாடம் நடத்தினாள். அவளுக்கு இருந்த பயம் வேறு. நூற்று நாற்பது குழந்தைகள் படிக்கும் இந்தப் பள்ளிக்கூடம் போய்விட்டால் அடுத்தது நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அந்தச் சாலையில் லாரிகள் யாருக்காகவும் நிற்பதில்லை. போன வருடம் அதைக் கடக்கப் போன பால்காரரின் சைக்கிள் மட்டும்தான் திரும்பி வந்தது.

இறங்காத கைகளின் அருமையை முதலில் கண்டுகொண்டவர் தலைவர். ஆதரிக்கும் கைகளை எண்ண வேண்டும் என்றுதான் விதிப்புத்தகம் சொல்கிறது. எப்போது தூக்கிய கை என்று அது கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் பள்ளி வேனை நிறுத்தும் தீர்மானம் வந்தது. எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார், ஏழு. அதற்கடுத்த கூட்டத்தில் நூலக அறை போயிற்று, ஏழு. பிறகு கழிவறை கழுவும் அம்மாவின் வேலை, ஓவிய வாத்தியார், மழை ஒழுகும் கூரைக்கான ஓடு. ஏழு, ஏழு, ஏழு. ஒரு கூட்டத்தில் இரண்டு உறுப்பினர்கள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்கள். அவர்களுடைய கைகளும் எண்ணப்பட்டன. ஒரு வருடத்தில் ஐந்து வகுப்புகளும் இரண்டு அறைக்குள் வந்துவிட்டன.

அப்போதுதான் டீச்சருக்கு அந்த யோசனை வந்தது. எதற்கும் சரி சொல்லும் கைகள் நமக்கும் சரி சொல்லாதா? இருநூறு பேர் கையெழுத்திட்டால் ஊர்மக்களே தீர்மானம் கொண்டுவரலாம். கை தூக்கியிருக்கும் ஓர் உறுப்பினர் எழுந்து அதைப் படித்தால் போதும். வெட்டியதையெல்லாம் திருப்பிக் கொடு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு மறுபடி படியேறினாள். தையற்காரம்மா, "என் பிள்ளைங்கதான் படிச்சு முடிச்சிடுச்சே டீச்சர், எனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றாள். "அதுங்க படிக்கும்போது அடுத்தவங்க கையெழுத்துப் போட்டாங்களே, அவங்களுக்கு எதுக்கு அந்த வம்பு?" என்றாள் டீச்சர். தையற்காரம்மா ஊசியைத் துணியில் குத்திவிட்டுப் பேனாவை வாங்கினாள். மெக்கானிக் கிரீஸ் விரலோடு போட்டார். வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லி வாடகைக்குக் குடியிருப்பவர் போட்டார், அவருக்குத் தெரியாமல் வீட்டுக்காரரும் போட்டார். மொத்தம் இருநூற்று நாற்பத்து மூன்று. தாளை எடுத்துக்கொண்டு அவள் தம்பி வீட்டுக்குப் போனாள்.

"வெள்ளிக்கிழமை எழுந்து நின்னு இதைப் படிச்சா போதும்டா. கை ஏற்கெனவே மேலதான் இருக்கு."

"படிக்கிறேன்க்கா. நான் பண்ணின பாவத்துக்கு இதையாவது செய்யாம இருப்பேனா?" என்று அவன் அழுதான். அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், அவள் தூக்கி வளர்த்த பிள்ளை.

வெள்ளிக்கிழமை மன்றத்தில் நிற்க இடமில்லை. தம்பி எழுந்தான், இடது கையால் தாளைப் பிரித்தான், தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தை இந்த மாதத்தோடு மூடிக் கட்டடத்தைச் சரக்குக் கிடங்குக்கு வாடகைக்கு விடுவது என்று படித்தான். எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். ஏழு. ஊரே எழுந்து கத்தியது. கத்தலை எண்ண விதிப்புத்தகத்தில் இடமில்லை. தலைநகரில் ஒரு நிபுணர் இருக்கிறார், அக்காவின் தாளுக்குப் பதில் என் தாளைப் படித்தால் அவரை வைத்துக் கையை இறக்கித் தருகிறேன் என்று தலைவர் முந்தின நாள் அவனிடம் சொல்லியிருந்தாராம். நம்ப வைத்துக் கழுத்தறுத்தவனை அவரும் நம்ப வைத்தார். நிபுணர் மூன்று நாள் பார்த்துவிட்டு, உயரமான கதவு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பி வந்தவன் நேராக அக்கா வீட்டுக்குப் போனான். வகுப்பில் கை தூக்கிய பிள்ளை, எதற்குத் தூக்கினோம் என்று சொன்ன பிறகுதான் இறக்கலாம். அது டீச்சரின் முறை.

"நீ கேளுக்கா. நீ கேட்டா இறங்கும்" என்றான்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "சொல்லு. எதுக்குத் தூக்கினே?"

"தலைவர் சொன்னார்..."

"உன்னைக் கேட்டேன்."

"எல்லாரும் தூக்கினாங்கக்கா. நான் ஒருத்தன் தூக்கலைன்னா மட்டும் என்ன ஆகியிருக்கும்?"

கை இன்னும் ஒரு விரற்கடை மேலே போயிற்று. அவள் அதை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "முந்நூறு வீட்டுல என் வாயால உன்னை நல்லவன்னு சொன்னேன். அந்த வாயை எதைப் போட்டுக் கழுவட்டும்?" என்றாள். அவனிடம் அவள் பேசியது அதுதான் கடைசி.

பள்ளிக்கூடத்தில் இப்போது சிமெண்டு மூட்டைகள் இருக்கின்றன. டீச்சரை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். தினமும் காலை எட்டு மணிக்கு நூற்று நாற்பது குழந்தைகளையும் இரண்டிரண்டு பேராகக் கை கோக்க வைத்து அவள் நெடுஞ்சாலைக்குக் கூட்டிப் போகிறாள். முதல் நாள் முக்கால் மணி நேரம் நின்றார்கள், ஒரு லாரியும் வேகம் குறைக்கவில்லை. இரண்டாம் நாள் அவர்கள் போனபோது தம்பி சாலை நடுவில் நின்றுகொண்டிருந்தான். உயர்ந்த கையைக் கண்டு இரு பக்கமும் லாரிகள் நின்றிருந்தன. அன்றிலிருந்து மழையோ வெயிலோ அவன் வராத நாளில்லை. மற்ற ஆறு பேரும் அடுத்த தேர்தலிலும் ஜெயித்து மன்றத்தில் இருக்கிறார்கள்.

ஒருநாள் ஒரு சின்னப் பெண் அவனைக் கடக்கும்போது நின்று, நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றாள் டீச்சர், அவன் பக்கம் திரும்பாமல். "ரோட்டைப் பார்த்து நட."

பிள்ளைகள் நடந்தார்கள். கடைசி ஜோடி அந்தப் பக்கம் ஏறியதும் அவன் ஓரமாக ஒதுங்கிக்கொள்ள, லாரிகள் கிளம்பின.