காதுக்குப் பின்னால் ஒரு மேடு

மெழுகுத் துணியோடு தேவி சிலையின் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனபோது கட்டைவிரலில் அது தட்டியது. மிளகளவு ஒரு கல் மேடு.

ஒரு சிலையைப் பார்த்து நகல் செதுக்கும்போது அளவு பிடிக்க இப்படிச் சின்ன மேடுகளை விட்டுவைப்போம். வேலை முடிந்ததும் செதுக்கி எடுத்துவிட வேண்டும். கூந்தல் மறைத்துவிடுமே என்று இந்த ஒன்றைச் சோம்பலில் விட்டிருந்தேன். அப்படியானால் இங்கே நிற்பது எங்கள் தேவி ஆர்ட்டெமிஸ் இல்லை, நான் செய்த கல். முந்நூறு வருடமாக எங்கள் தீவுப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தவள், வைக்கோல் சுற்றப்பட்டுக் கப்பலில் ரோமாபுரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

ரோமானிய ஆளுநன் தன் தோட்டத்தில் வைக்க அவளைக் கேட்டான். கேட்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. நகலைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று ஊர் கூடி முடிவெடுத்தது. உடைந்த சுண்டுவிரல், முத்தமிட்டு முத்தமிட்டே தேய்ந்த முழங்கால் பள்ளம், எதையும் நான் விடவில்லை. அவன் ஆட்கள் சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டார்கள். நான் கல்குவாரியில் இருந்தேன். கோயில் உள்ளறையில் இருந்த இரண்டு சிலைகளில் ஒன்றைத் தூக்கிக் கொடுக்கச் சொன்னது பூசாரியம்மா அர்கீயா.

"நாப்பது வருசமா குளிப்பாட்டுறேன், எனக்குத் தெரியாதாடா?" என்று அவள் பெருமையடித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

"ஏங்க, கைய எடுங்க."

திரும்பினேன். என் மனைவி மெலிட்டா நிறைமாத வயிற்றோடு படியேறி வந்திருந்தாள். மூன்று பிள்ளைகளைப் பிறந்த அன்றே புதைத்தவள். வலி கண்டதும் எங்கள் பெண்கள் இடுப்புக் கச்சையை அவிழ்த்துத் தேவிக்குக் கட்டுவது வழக்கம். கச்சை அவள் கையில் இருந்தது.

"வலி வந்துருச்சா?"

"விடிஞ்சதிலருந்து. சொல்லியிருந்தா அப்படியே போட்டுட்டு ஓடி வந்திருப்பீங்க. ஆத்தா பாதி மினுக்கலா நின்னிருப்பா."

சிரிக்கப் பார்த்தாள், மூச்சு வாங்கியது. குனிந்து முழங்கால் பள்ளத்தில் உதட்டை வைத்தாள். அதை ஈர மணலால் நான்கு நாள் தேய்த்தவன் நான்.

கச்சையைக் கட்டிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"இது நம்ம ஆத்தாதானே? அந்தப் பொம்மையத்தானே அனுப்புனீங்க?"

பொய் சொன்னால் தேவி கோபிப்பாளே என்று பயப்படக்கூட எனக்கு வழியில்லை. அவள் கடலில் இருந்தாள்.

"நம்ம ஆத்தாதான்" என்றேன்.

மெலிட்டா கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கல்லின் காலை இரு கையாலும் கட்டிக்கொண்டாள். அடுத்த வலி வந்தது. என் கட்டைவிரல் இன்னும் அந்த மேட்டின் மேல்தான் இருந்தது. எடுக்கப் பயமாக இருந்தது.