தலைகீழ் வெங்காயம்

செல் இரண்டாகப் பிரியும்போது கதிர் இழைகள் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப்போகின்றன என்று நான் ஆரம்பித்தாலே பேராசிரியர் வெங்கடசுப்ரமணியன் கொட்டாவி விடுவார்.

"இழையாவது மண்ணாவது! நீ ஊத்தற ஆசிட்ல திரிஞ்சு போறதும்மா அது. பால்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்ச மாதிரி."

அது 1938. பெங்களூரில் ஒரு கல்லூரியின் தாவரவியல் கூடத்தில் நான், காக்ஸ் டவுன் ஜோசஃபின், மாணவர்களுக்குச் செய்முறை காட்டும் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர். மார்ச்சோடு வேலை முடிகிறது. என் கட்டுரையில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் நிரந்தரம். அதில் நான் எழுதியிருந்தது இதுதான்: ஒவ்வொரு குரோமோசோமிலும் கினெட்டோகோர் என்று ஒரு சிறு பிடி இருக்கிறது. இழை அங்கேதான் மாட்டுகிறது. குரோமோசோம் உடைந்தால் பிடியுள்ள துண்டு கரை சேரும். பிடியில்லாத துண்டு நடுவில் அநாதையாகக் கிடக்கும்.

"நோடோணா," என்றார் கன்னடத்தில். பார்க்கலாம் என்று அர்த்தம். "உன் ஸ்லைடெல்லாம் வேண்டாம். என் கையாலயே ஒரு வெங்காயத்துல வேர் வளர்த்துப் பார்க்கறேன்."

கையால் என்றாரே தவிர, கை படவில்லை. மனிதர் வீட்டுச் சமையலறைக்குள் வெங்காயம் நுழைந்ததே கிடையாது. சாமணத்தால் அதைப் பிடித்து, மூக்கை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தண்ணீர் கிளாஸின் வாயில் வைத்துவிட்டுக் கை கழுவக் குழாயடிக்கு ஓடினார். வெங்காயம் தலைகீழாக நின்றது. வேர் வரவேண்டிய பக்கம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் போயிற்று. வேராவது ஒன்றாவது!

"பார்த்தியா? உன் வெங்காயமே பிரியமாட்டேங்கறது," என்று கட்டுரையைத் திருப்பி நீட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷா வருஷம் கரும்பலகையில் வெங்காயத்தை அச்சு அசலாக வரைகிற மனிதர்! சொன்னால் கோபித்துக்கொள்வார், சொல்லாவிட்டால் வேலை போகும். எப்படியும் போகிற வேலைதானே என்று சொல்லிவிட்டேன்.

"சார், அது சிரசாசனம் பண்ணுது."

குனிந்து பார்த்தார். காது சிவந்தது. புது வெங்காயம் ஒன்றை, இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு, நேராக வைத்தார்.

வேர் விட்டதும் குரோமோசோம்களை உடைப்பதற்காக அதை என் அண்ணன் ஓஸ்வால்டிடம் தூக்கிப்போனேன். கன்டோன்மென்டில் ஒரு எக்ஸ்ரே அறை அவன் பொறுப்பில் இருந்தது.

"ஏண்டி, இதுக்கு எந்த எலும்பு முறிஞ்சிருக்கு?" என்றான்.

மறுநாள் பேராசிரியரே வேர் நுனியை நறுக்கி, சாயமேற்றி, விரலால் நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். இடுப்பைப் பிடித்து இழுத்த மாதிரி வளைந்து, குரோமோசோம்கள் இரு பக்கமும் ஒதுங்கியிருந்தன.

"நடுவுல ஒரு துண்டு கிடக்கறதே. அதை யாரும் இழுக்கலையா?"

"பிடி இல்லே சார்."

"அப்போ அதோட கதி?"

"ரெண்டு பக்கமும் சேத்துக்க மாட்டாங்க சார். அப்படியே கரைஞ்சு போயிடும். மார்ச் மாசத்து டெமான்ஸ்ட்ரேட்டர் மாதிரி."

அவர் தலையை நிமிர்த்தாமலே கையை நீட்டினார்.

"பேனா குடும்மா."

அன்றைக்குக் கை கழுவ மறந்துவிட்டார். கட்டுரை முழுக்க வெங்காய வாசனை.