நம்மைவிட மோசமான நாடு

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். அக்கரை எப்போதும் காய்ந்தே கிடக்க வேண்டும் என்பதற்காகச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தது, அரசு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் இருந்த ஒப்பீட்டுப் பிரிவு.

குடிமக்கள் எழுதும் குறை மனுக்கள் எல்லாம் முதலில் அங்கேதான் வரும். தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் எழுதினால், அதைவிடக் கொஞ்சமாகத் தண்ணீர் விடும் நாடு எது என்று பார்த்து, "அங்கே வாரத்துக்கு ஒரு நாள், இங்கே இரண்டு நாள், ஆகவே ஒத்துழைக்கவும்" என்று பதில் போகும். பதில் போனால் மனு முடிந்தது. எங்கே தேடியும் நம்மைவிட மோசமான நாடு அகப்படவில்லை என்றால் மட்டும், மஞ்சள் சீட்டு ஒன்றில் 'ஒப்பிட நாடில்லை' என்று எழுதி மனுவோடு குத்த வேண்டும். மஞ்சள் சீட்டு குத்திய மனுவின் மேல் அந்தந்தத் துறை பதினைந்து நாளில் நடவடிக்கை எடுத்தே தீர வேண்டும். சட்டம் அப்படி. எந்தச் சட்டத்திலும் ஒரு நல்ல வரி இருக்கும், யாருக்கும் தொந்தரவு தராத இடத்தில்.

அந்தப் பிரிவின் எழுத்தருக்குப் பூகோளம் என்று பெயர் வைத்திருந்தார்கள். எட்டு வருடத்தில் அவன் ஒரு மஞ்சள் சீட்டுகூடக் கிழித்ததில்லை. ரயில் தாமதம், பள்ளிக்கூடக் கூரை, கோர்ட்டு வாய்தா என்று தலைப்பு தலைப்பாக, உலகத்தின் அவலம் முழுவதையும் ஒரு தடித்த நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தான். எங்காவது ஓர் அரசாங்கம் கவிழ்ந்த செய்தி வந்தால் பிரிவுத் தலைவர் முகம் மலர்ந்துவிடும். "ஆறு மாசத்துக்குக் கவலையில்லப்பா" என்பார்.

பூகோளத்துக்கு ஓர் அக்கா. தையல்காரி. அவனை வளர்த்து ஆளாக்கியதும் அவளுடைய தையல் மிஷின்தான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது, மூன்று மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் பார்வை நிற்காது என்று அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். அதே ஆஸ்பத்திரியின் சீட்டு எழுதுகிற ஜன்னலில், பதினொரு மாதம் தள்ளி ஒரு தேதி கொடுத்தார்கள். தனியார் ஆஸ்பத்திரியின் வாசல்படியை மிதிக்கவே அவர்களுக்கு வக்கில்லை.

"மனு எழுதிப் போடட்டுமாடா?" என்றாள் அக்கா.

"போடுக்கா. நான் உள்ளதானே இருக்கேன்."

"உள்ள என்னதான்டா வேலை பாக்குற? எட்டு வருஷமா கேக்குறேன், வாயில கொழுக்கட்டையா?"

"வெளிநாட்டு விவகாரம்க்கா."

அது பொய்யில்லை.

மனு ஒரு செவ்வாய்க்கிழமை மேசைக்கு வந்தது. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பார்வை மங்கியவள் குத்துமதிப்பாக எழுதினால் அப்படித்தான் வரும். பூகோளம் முதலில் நோட்டைத் திறந்து, கண் சிகிச்சை என்று தலைப்பிட்ட பக்கத்தைப் பிளேடால் அறுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பிறகு மஞ்சள் சீட்டுக் கட்டைத் தேடி எடுத்துத் தூசி தட்டி, வாழ்க்கையில் முதல் முறையாக, 'ஒப்பிட நாடில்லை' என்று எழுதிக் கையெழுத்துக்குக் கொண்டுபோனான்.

பிரிவுத் தலைவர் சீட்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"என்னப்பா, காய்ச்சல் ஏதாவது அடிக்குதா?"

"இல்ல சார். தேடிப் பாத்துட்டேன். பதினோரு மாசம் காக்க வெக்கிறதுல நாமதான் கடைசி."

"நம்ம நாட்டைப் பத்தி இவ்வளவு மட்டமா நினைக்காதப்பா" என்றவர், வலித்த முகத்தோடு இழுப்பறையைத் திறந்தார். உள்ளிருந்து வந்தது பூகோளத்தின் நோட்டு. அதாவது, அதன் ஜெராக்ஸ். மற்றப் பிரிவுகளுக்கு முன்மாதிரியாகக் கொடுக்க, அழகாக பைண்டு பண்ணி வைத்திருந்தார். "அறுபத்து மூணாம் பக்கம். இந்தா, தீவு நாடு. பத்தொன்பது மாசம். உன் கையெழுத்துதானே?"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்பவர்கள்கூடப் பிரதி எடுத்து ஊருக்குக் கொடுப்பதில்லை.

அந்தப் பத்தொன்பதின் கதை அவனுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கண் சிகிச்சை கேட்டு யாரோ ஒரு கிழவர் எழுதியிருந்தார். நாடு எதுவும் அகப்படவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கடலுக்கு நடுவே கிடக்கிற தீவுதானே, யார் நீந்திப் போய்க் கேட்கப் போகிறார்கள் என்று ஓர் எண்ணை எழுதிவிட்டுப் படி இறங்கினான்.

"சார், அந்தக் கணக்கு தப்பு சார். நானாப் போட்டது."

பிரிவுத் தலைவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதை வெச்சு இதுவரைக்கும் நானூத்திப் பன்னெண்டு பேருக்குப் பதில் போட்டிருக்கோம். எல்லாத்துலயும் கீழ என் கையெழுத்து. தப்புன்னா நானூத்திப் பன்னெண்டு மஞ்சச் சீட்டு கிழிக்கணும். உனக்கு வேலை போகும், அது கிடக்கட்டும். எனக்கும் போகும்."

"சார்... மனு போட்டது எங்க அக்கா சார்."

அவர் உண்மையாகவே இளகிவிட்டார். "அக்காவா? அடடா, மொதல்லயே சொல்றதுக்கு என்ன! அப்போ பதிலைக் கொஞ்சம் மரியாதையா எழுதிடுப்பா." பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். "இப்போ நல்லா யோசிச்சுச் சொல்லு. பத்தொன்பது சரியா, தப்பா?"

தப்பு என்று சொன்னால் மஞ்சள் சீட்டோடு மனு துறைக்குப் போகும், அக்காவுக்குக் கண் இருக்கும், அவனுக்கு வேலை இருக்காது. அவன் யோசித்தான். வேலை போனால் அக்காவுக்குச் சொட்டு மருந்து யார் வாங்குவது? வாடகை? ஆகவே இந்த வேலையே அக்காவுக்காகத்தான். நியாயம் தேடிக் கண்டுபிடிப்பதில் அவனுக்கு எட்டு வருடப் பழக்கம் இருந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"சரிதான் சார்."

மஞ்சள் சீட்டு நாலாகக் கிழிந்து கூடைக்குள் விழுந்தது.

வெள்ளிக்கிழமை கடிதம் வீட்டுக்கு வந்துவிட்டது. அவன் போனபோது அக்கா ஜன்னலோரம் மிஷின்முன் உட்கார்ந்து, ஒரு சட்டைக் கையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"மூணே நாள்டா! உள்ள ஆளு இருந்தா ஆளுதான். படி, கேப்போம். கவர்மெண்டு எழுத்து எறும்பு மாதிரி இருக்கு."

அவன் படித்தான். "பெருமதிப்புக்குரிய அம்மையீர், தங்கள் மனு மிகுந்த கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. தீவு நாட்டில் இதே சிகிச்சைக்குப் பத்தொன்பது மாதம் காத்திருக்கும் நிலையில், இங்கே பதினொரு மாதமே..."

முடியும்வரை அக்கா கேட்டாள். பிறகு, "டாக்டர் மூணு மாசம்னாரே, அதைப் பத்தி?" என்றாள்.

அவன் காகிதத்தைத் திருப்பிப் பார்ப்பதுபோல் பார்த்தான். "இல்லக்கா."

அவள் மிஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். அழுதுவிடுவாள் என்று அவன் பயந்தான். அவள் அழவில்லை.

"பத்தொன்பது மாசமா? படுபாவிங்க. அப்போ அங்கயும் என்னை மாதிரி ஒருத்தி உக்காந்திருப்பா, இல்ல?"

"இருப்பாக்கா."

"புருஷன் இருப்பானா அவளுக்கு?"

"இல்ல."

"பிள்ளைங்க?"

"ரெண்டு."

அக்கா உச்சுக் கொட்டினாள். "அவளுக்கு நான் எவ்வளவோ தேவலைடா." துணியை ஊசிக்கடியில் தள்ளினாள். ஓரம் பிசகியது. பிரித்துவிட்டு மறுபடி தடவினாள். "சின்னதுக்கு என்ன வயசு?"

"நாலு" என்றான் பூகோளம்.