எலுமிச்சை வாசனைக்கு அடியில்

குழாய் பதிக்கிறோம் என்று தெருவைத் தோண்டியவர்கள் அதை மூட மறந்து போய்விட்டார்கள். அவள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே ஒரு பள்ளம், அதைத் தாண்டினால் தெருமுனை வரை கருங்கல் ஜல்லி. வீட்டிலிருந்த குழந்தை வண்டியின் சக்கரங்கள் பொம்மைச் சக்கரம் மாதிரி. ஜல்லியைத் தொட்டதும் குறுக்கே திரும்பிக்கொண்டு சண்டித்தனம் செய்யும்.

தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் அதுவும் முடியாது. பிரசவத் தையல் போட்ட இடத்தில் குடலிறக்கம். கனம் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகளோ நாளுக்கு நாள் கனத்துக்கொண்டிருந்தாள். ஆக, தாயும் மகளும் மழைக்காலம் தொடங்கியதிலிருந்து ஜன்னல் வழியாகத்தான் உலகத்தைப் பார்த்தார்கள். தெருமுனைக்கு அப்பால் ஒரு பூங்கா இருந்தது. எட்டிப் பார்த்தால் அதன் மரங்களின் உச்சி மட்டும் தெரியும்.

அதனால்தான் நாத்தனார் அந்தப் பெரிய வண்டியைக் கொண்டுவந்து இறக்கியபோது அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. நாத்தனார் குழந்தைச் சாமான் கடை வைத்திருந்தாள். வண்டிக்கு மூன்று சக்கரம், ஒவ்வொன்றும் சைக்கிள் சக்கரம் போலக் காற்றடைத்தது.

"காடு மேடு கல்லு முள்ளு எதுல வேணா போகும்மா. ஒரு வாரம் ஓட்டிப் பாரு. கடையில யாராவது கேட்டா நல்லா இருக்குன்னு நாலு வார்த்தை சொல்லு, போதும். அடுத்த லோடு வந்ததும் ஒண்ணு உனக்கே தந்துடறேன்."

"என்ன வாசனை அக்கா இது?"

"எலுமிச்சை. புதுசு, அப்படித்தான் இருக்கும்." நாத்தனார் தன் தம்பியை, அவள் கணவனைப் பார்த்துச் சிரித்தாள். "வந்துட்டாடா மூக்கு!"

அவர்கள் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். கல்யாணத்துக்கு முன்பு அவள் பால் பண்ணையின் தரச் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். லாரியின் மூடியைத் திறந்ததும் முகர்ந்தே, இது போகும், இது திரும்பும் என்று சொல்லிவிடுவாள். கருவி பிறகு சொல்வதும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். புகுந்த வீட்டில் அந்த மூக்குக்கு மதிப்பில்லை. குளிர்சாதனப் பெட்டியில் ஏதோ கெட்டுவிட்டது என்றால் கொல்லென்று சிரிப்பார்கள். இரண்டு நாள் கழித்துக் கெட்டதைத் தூக்கி எறியும்போது யாருக்கும் அது ஞாபகம் இருக்காது.

மறுநாள் காலை வண்டியைக் கிளப்பினாள். முன்சக்கரத்தைப் பள்ளத்தின் விளிம்பில் வைத்து அழுத்தினாள். வண்டி இறங்கி, சேற்றில் ஒருமுறை பெருமூச்சு விட்டு, மறுபக்கம் ஏறிவிட்டது. ஜல்லியில் வெண்ணெயில் கத்தி போல ஓடியது. மகள் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு கெக்கெக்கென்று சிரித்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடிவயிற்றில் ஒரு சுருக்கென்ற வலிகூட இல்லை.

பூங்காவில் வெயில் ஏறியது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மகள் முன்கம்பியை ஈறால் கடித்து எச்சில் ஒழுகச் சப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அது வந்தது.

முதலில் எலுமிச்சை. அதற்கு அடியில் வேறொன்று. புளித்த பால். நேற்றைய புளிப்பு அல்ல. கேனின் இடுக்கில் தங்கி, காய்ந்து, மறுபடி ஈரம் பட்டு ஊறிய பழைய புளிப்பு. பண்ணையில் அந்த வாடை வந்தால் கேனையே உடைத்துப் போடுவார்கள். அவள் மகளின் வாயை முகர்ந்தாள். சட்டையை முகர்ந்தாள். டயப்பரைப் பார்த்தாள். எல்லாம் சுத்தம்.

மகளைப் புல்லில் உட்கார வைத்துவிட்டு, இருக்கையின் மெத்தையைத் தூக்கினாள்.

அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு பொருக்கு. பாலும் பிஸ்கட்டும் குழைந்து துணியோடு துணியாக ஒட்டிப்போயிருந்தது. அதில் ஒரு நீளமான சுருட்டை முடி. அவளுக்கும் மகளுக்கும் சுருட்டை கிடையாது. இடுக்கில் ஈரமாக இருந்த இடத்தில் அரிசி போல ஏதோ கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். அரிசி நெளிந்தது.

புழுவைவிட மகளின் வாய்தான் அவளைக் கலக்கியது. எத்தனை குழந்தைகள் சப்பிய கம்பி அது? புறங்கையால் மகளின் வாயைத் துடைத்தாள், பிறகு தன் கையும் அதே மெத்தையைத் தொட்ட கைதான் என்பது உறைத்தது.

திரும்ப அதில் உட்கார வைக்க மனம் வரவில்லை. மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் வண்டியை இழுத்துக்கொண்டு ஜல்லியில் நடந்தாள். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது தையலுக்குள் யாரோ கொக்கி போட்டு இழுப்பது போலிருந்தது. வண்டியை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு, மகளை இரண்டு முறை குளிப்பாட்டினாள்.

சாயங்காலம் வந்த கணவன் வாசலில் நின்றே மூக்கை உறிஞ்சினான்.

"எனக்கு எலுமிச்சைதான் வருது."

"மெத்தையைத் தூக்கிப் பாருங்க."

"எதுக்கு? அழுக்கா இருந்தா கழுவினா போச்சு. நாளைக்கு நல்லா கழுவிக் குடுத்துடு."

"யாரோ வீட்டுக் குழந்தை கக்கினதை நான் ஏன் கழுவணும்? புதுசுன்னு சொல்லித்தானே குடுத்தாங்க?"

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்மா."

"பல்லைப் பாக்கலை. புழுவைப் பாத்தேன்."

அவன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான். "சரி, அக்காகிட்ட தனியா சொல்லு. நாலு பேர் முன்னாடி வேண்டாம்."

அப்படித்தான் அவளும் நினைத்திருந்தாள். வார இறுதியில், கழுவாத வண்டியைத் தெருமுனையில் நிறுத்தியிருந்த காரின் பின்னால் மடித்துப் போட்டுக்கொண்டு மூவரும் கடைக்குப் போனார்கள். கணவன் வண்டியை உள்ளே உருட்டினான். அவள் வாயைத் திறக்கும் முன்பே நாத்தனார் வேலையில் இறங்கிவிட்டாள்.

வாளியிலிருந்து ஒரு துணியைப் பிழிந்தாள். மூன்று சக்கரங்களையும் துடைத்தாள். சேறும் தெருநாய் விட்டுப்போனதும் துணியில் ஏறின. துணியைத் திருப்பி மடித்தாள், அலசவில்லை. கைப்பிடியைத் துடைத்தாள். அதே துணியால் முன்கம்பியை, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, பளபளவென்று. பிறகு ஒரு பாட்டிலை எடுத்து மெத்தை மேல் சுற்றிச் சுற்றி அடித்தாள். எலுமிச்சை. மெத்தையைத் தூக்கவே இல்லை. சுவரோரம் பாலித்தீன் போர்த்தி நின்ற வண்டிகளின் வரிசையில் இதையும் நிறுத்தி, மேலே ஒரு பாலித்தீனை மாட்டி, கைப்பிடியில் புது அட்டையைத் தொங்கவிட்டாள். எல்லாம் ஒரு காபி குடிக்கிற நேரம்தான்.

அவள் அந்த வரிசையைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அட்டை. எல்லாவற்றிலும் எலுமிச்சை.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு..."

"இரும்மா, கஸ்டமர்."

நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நேராக அந்த வண்டியிடம்தான் போனாள்.

"இது கரடுமுரடான ரோட்டுல போகுமா? எங்க தெருவைத் தோண்டிப் போட்டிருக்காங்க."

"பறக்கும்! பிரிக்காத பீஸ்மா. இதோ என் தம்பி பொண்டாட்டி, இதே மாடல்தான் ஓட்டறா. நீயே சொல்லும்மா."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கணவன் மட்டும் தரையைப் பார்த்தான். நாலு வார்த்தை. சொல்லிவிட்டால் அடுத்த லோடில் ஒன்று அவளுக்கு. அவள் கூட்டத்தில் பேசுகிறவள் அல்ல. பண்ணையில்கூட லாரியைத் திருப்பி அனுப்பும்போது தலையை மட்டும்தான் ஆட்டுவாள்.

கர்ப்பிணி பாலித்தீனை விலக்கி முன்கம்பியைத் தடவினாள். "பிள்ளைங்க இதைக் கடிக்குமில்ல? பரவாயில்லையா?"

"சக்கரம் ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் அவள். அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "சக்கரம் நல்லா இருக்கு. ஆனா இது புதுசு இல்ல. நான் ஓட்டின வண்டிதான். மெத்தையைத் தூக்கிப் பாருங்க."

"ஏய்," என்றாள் நாத்தனார்.

கர்ப்பிணி தூக்கினாள். அந்த வாரத்தில் பொருக்கு இன்னும் ஊறியிருந்தது. அரிசி பெருகியிருந்தது. அந்தப் பெண் ஓங்கரித்துக்கொண்டு வாயைப் பொத்தியபடி வெளியே ஓடினாள். கணவன் பாய்ந்து மெத்தையை அழுத்தி மூடினான், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் போல.

"குடும்பத்துக்குள்ளயே இப்படிப் பண்ணுவாங்களா?" நாத்தனாருக்கு மூச்சு வாங்கியது. "ஓசியில குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்! இனிமே இந்தக் கடைப் பக்கம் வந்துடாத."

"என் பொண்ணு அந்தக் கம்பியைச் சப்பினா, அக்கா."

"குழந்தைன்னா எதையும்தான் சப்பும். செத்தா போச்சு?"

சொல்லிக்கொண்டே நாத்தனார் அதே துணியை எடுத்து, பாலித்தீனில் பட்ட கறையைத் துடைத்தாள். பிறகு பாட்டிலைத் தேடினாள். அதைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. குமட்டல் மட்டும்தான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவன் சமையலறைக் குழாயைத் திறந்தான். சோப்புப் போட்டுக் கழுவினான். விரல்களை முகர்ந்தான். மறுபடி போட்டான். நகக்கண்ணில் தேய்த்தான். முகர்ந்தான். முகம் கோணியது.

"போகவே மாட்டேங்குது," என்றான்.

"போகாது. கொழுப்பு. வெந்நீர் விடுங்க."

"எலுமிச்சையே வரலை. அடியில இருக்கறதுதான் வருது."

அவள் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று, தெருவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். வெளியே அதே பள்ளம், அதே ஜல்லி. மூலையில் பொம்மைச் சக்கர வண்டி.

"நாளைலேர்ந்து வேலைக்குப் போறதுக்கு முன்னாடி இவளையும் அந்தச் சின்ன வண்டியையும் தெருமுனைக்குத் தூக்கி விட்டுட்டுப் போங்க," என்றாள்.

"சரி. திரும்பி வர?"

"நீங்க மத்தியானம் வந்து தூக்கற வரைக்கும் பூங்காவுலயே இருக்கோம்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, தன் விரலை இன்னொரு முறை முகர்ந்துவிட்டு, தலையை ஆட்டினான்.

"இன்னொரு தடவை சோப்புப் போடுங்க," என்றாள் அவள். "அந்தக் கையால குழந்தையைத் தொடாதீங்க."