பெட்டி சொன்ன பொய்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரு பெட்டி. அக்காவின் ஒலிப்பதிவு அறையில், மேசைக்கு அடியில், செருப்புப் பெட்டி அளவில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். உள்ளே இரண்டு டிஸ்க்குகள். அறையில் பதிவாகும் குரலெல்லாம் நெட்வொர்க் வழியாக நேரே அதற்குள் போய் இரண்டிலும் விழும். ஒன்று கெட்டாலும் இன்னொன்றில் இருக்கும். ரொம்ப நாள் ஒழுங்காக இருந்த அந்தப் பெட்டி, திடீரென்று பொய் சொல்ல ஆரம்பித்தது. அறையில் விளக்கு எரிகிறது, வெளியே தாழ்வாரத்தில் மின்விசிறி சுற்றுகிறது, அக்காவின் கைபேசிக்குச் செய்தி வருகிறது: "மின்சாரம் இல்லை. பேட்டரி தீரப்போகிறது. பாதுகாப்பாக நிறுத்துகிறேன்." சொன்னபடி நின்றும்விடும்.

வேறு நாளாக இருந்தால் திட்டிவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஆனால் அப்போது மைக் முன்னால் உட்கார்ந்திருந்தவர் அத்தான், அக்காவின் கணவர். நோய் வந்த அவருடைய குரல்வளையை எடுக்கப்போகிறார்கள். தேதி குறித்தாயிற்று. அதற்குள் போதுமான வாக்கியங்களைப் படித்துப் பதிந்துவிட்டால், பிறகு அவர் தட்டச்சு செய்வதை ஒரு கருவி அவர் குரலிலேயே பேசும். இல்லாவிட்டால் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு குரலில் பேசும்.

கதை இவ்வளவுதான். இதைக் கெடுக்காமல் எழுதுவது எப்படி என்றுதான் தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: "கண்ணீர் மல்க அவள் ஹெட்போனைக் கழற்றி—"

அக்கா படித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள்.

"யாருடா கண்ணீர் மல்க? எனக்கு அப்ப இருந்தது எரிச்சல். எரிச்சல்னு எழுது."

இரண்டாம் தொடக்கம்: "மின்சாரம் என்பது நவீன மனிதனின் மூச்சு என்றால், குரல் என்பது—" இதை நானே நிறுத்திவிட்டேன். பள்ளி ஆண்டு மலருக்கு எழுதியது மாதிரி இருந்தது.

மூன்றாவதை அக்கா சொன்ன இடத்தில் தொடங்குகிறேன். எரிச்சல்.

3

அக்காவுக்கு எரிச்சல். காலையில் கொஞ்ச நேரம்தான் அத்தானின் குரல் குரலாக இருக்கும். அதற்குப் பிறகு கரகரத்து உடைந்துவிடும். கிடைக்கிற அந்தக் கொஞ்சத்தில் அவர் படிக்கத் தொடங்கியதும் பெட்டி நிற்கும். பாதி வாக்கியம் போகும். பெட்டி மறுபடி எழுந்து, டிஸ்க்கைச் சரிபார்த்து, தயாராவதற்குள் அவருக்கு இருமல் வந்துவிடும். அன்றைய காலை அதோடு சரி.

மின்சாரம் போனால் பேட்டரியில் பெட்டியை ஓட்டும் யு.பி.எஸ்.ஸை விற்ற கடைக்காரர் போனில் பேட்டரி பழசு என்றார். புதுசு போட்டாள். மறுநாளும் பெட்டி நின்றது. பெட்டிக் கம்பெனியின் உதவி எண்ணில் பேசிய பெண் குழைவாக, "மேடம், அந்த அலர்ட்ட ஆஃப் பண்ணிடுங்க. பேட்டரிகூட பேசாதேன்னு பெட்டிக்குச் சொல்லிடலாம். தொந்தரவே இருக்காது" என்றாள்.

"நெஜமாவே கரண்ட் போச்சுன்னா?"

"அது எப்பவாவதுதானே மேடம் போகும்."

"அந்த எப்பவாவது இந்த வாரமா இருந்தா?"

அக்கா நன்றி சொல்லி வைத்துவிட்டாள். நன்றி சொன்ன விதத்தை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். அந்தப் பெண்ணுக்காக வருத்தப்பட்டேன்.

[கணினியிலேயே பதியலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "போன மாசம் செத்தது எந்த டிஸ்க்கு? அந்தக் கம்ப்யூட்டரோடதுதான். ஒரே எடத்துல அவரு குரல வெச்சுட்டு நான் நிம்மதியா தூங்கணுமா?" என்றாள். அதன்பின் இலவச யோசனை எதுவும் நான் தரவில்லை.]

4

இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. அத்தான்தான்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயந்து நடுங்குகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாழ்நாளைக் கழித்ததால் எதற்கும் பதறமாட்டார். பெட்டி நிற்கும்போதெல்லாம், "வண்டி ஆஃப் ஆயிருச்சு, பரவால்ல, மறுபடி ஸ்டார்ட் பண்ணும்மா" என்பார். குரல் போகப்போகிற மனிதர் இவ்வளவு கிண்டலாகப் பேசுவாரா? எந்த வாசகர் நம்புவார்? இவரைக் கொஞ்சம் சோகமாக்கலாமா என்று யோசித்தேன். ஜன்னலோரம் நிற்கவைத்து, தொலைவில் எதையாவது வெறிக்கவிட்டு—

வேண்டாம். நடந்ததே இருக்கிறது. மூன்றாம் முறை பெட்டி நின்ற காலை, அவர் கையில் இருந்த தாளை மடித்து மேசையில் வைத்தார்.

"விட்டுடு. கடைக் குரலே போதும். எப்படியும் நான் சொல்றத வீட்ல யாரும் கேக்கப்போறதில்ல."

"உங்களுக்குப் போதும். எனக்குப் போதாது," என்றாள் அக்கா.

சிரிக்காமல் சொன்னாள். அவரும் அதற்குப் பிறகு கிண்டல் செய்யவில்லை. தாளைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமாமல், தண்ணீரை மட்டும் குடித்தார்.

5

இனி கண்டுபிடிப்பு. துப்பறியும் கதை மாதிரி எழுத ஆசைதான். அக்கா விடவில்லை. "ஒண்ணு ஒண்ணா மாத்திப் பாத்தேன். அவ்ளோதான். அதுல என்ன மர்மம் இருக்கு?"

ஒலிக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு: எதையும் சத்தம் போட விடமாட்டார்கள். யு.பி.எஸ். மெல்ல முனகும், அது மைக்கில் விழும் என்று அக்கா அதைத் தாழ்வாரத்து அலமாரிக்குள் தள்ளிவிட்டிருந்தாள். பேட்டரியின் நிலையைச் சொல்ல அங்கிருந்து பெட்டிக்கு நீளமாக ஒரு ஒயர். மின்சாரம் போனால் யு.பி.எஸ். கீச்சிடும். அதுவும் பதிவைக் கெடுக்கும் என்று அந்தக் கீச்சொலியை எப்போதோ நிறுத்திவைத்திருந்தாள். வேறு அலுவலகமாக இருந்தால் கீச்சொலி வராததை வைத்தே தப்பு யு.பி.எஸ்.ஸில் இல்லை என்று முதல் நாளே தெரிந்துகொண்டிருப்பார்கள். எல்லோருடைய சத்தத்தையும் விலைக்கு விற்கிற இடத்தில், பேட்டரியின் சத்தத்தைக் கேட்க ஆளில்லை.

அக்கா முதலில் செய்த வேலை, கீச்சொலியை மறுபடி போட்டது. பதிவைத் தொடங்கினாள். கைபேசியில் செய்தி வந்தது: மின்சாரம் இல்லை. அலமாரியைத் திறந்து காதை வைத்தோம். யு.பி.எஸ். வாயே திறக்கவில்லை. பச்சை விளக்கோடு சும்மா இருந்தது.

"பாத்தியா, இது ஒண்ணும் சொல்லல. அது சொன்னதா பெட்டிதான் சொல்லுது. நடுவுல ஒயர் கோள்மூட்டுது."

ஒயரைத் தொடர்ந்து சுவரோரமாகத் தவழ்ந்தாள். நானும் பின்னால் தவழ்ந்தேன். (கதாசிரியன் தவழ்வது கதைக்கு அவசியமில்லை. என் முட்டி வலித்ததால் எழுதுகிறேன்.) கதவருகே வந்ததும் நின்றாள். நின்றது தெரியாமல் நான் அவள் காலில் முட்டிக்கொண்டேன்.

கதவுக்கு மேல் 'பதிவு நடக்கிறது' என்று காட்டும் சிவப்பு விளக்கு. பழசு எரியாமல் போய் ரொம்ப காலம். வாடிக்கையாளர்களுக்கு அது இல்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தாள். அத்தானின் பதிவு என்றதும், யாரும் நடுவில் கதவைத் திறந்துவிடக் கூடாது என்று புதுசாக ஒன்று வாங்கி மாட்டினாள். அதன் ஒயரைத் தொங்கவிட மனசு வராமல், பெட்டியின் ஒயரோடு சேர்த்து இறுக்கமாக, அழகாக, கடைசிவரை கட்டிவைத்தாள். விளக்கைப் போடும் ஒவ்வொரு தடவையும் அதில் பாய்ந்த மின்சாரம் பக்கத்து ஒயரில் போகும் சேதியைக் குழப்பியிருக்கிறது. பேட்டரியின் நிலை தெரியாத பெட்டி மோசமானதை நினைத்துக்கொண்டு, தன்னிடம் உள்ளதைக் காப்பாற்றப் படுத்துவிட்டது.

விளக்கின் சுவிட்சைப் போட்டாள், அணைத்தாள், போட்டாள். பெட்டி நின்றது. மறுபடி எழுப்பிச் செய்தாள். மறுபடி நின்றது.

உள்ளே இருந்த அத்தான் எட்டிப் பார்த்தார். "செவப்பு வெளக்கப் பாத்தா வண்டி நிக்கணும்னு நான்தானே ஊருக்கே சொல்லிக் குடுத்தேன். பெட்டி நல்லா படிச்சிருக்கு."

அக்கா கத்தரிக்கோலால் கட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். அவரைக் காக்க அவள் செய்த ஒரே ஏற்பாடு அவர் காலைகளைத் தின்றிருந்தது. அதை அவளிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. அவளுக்கும் யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

6

ஏற்பாடு மாறியது. யு.பி.எஸ். அறைக்குள்ளேயே வந்தது, முழ நீள ஒயரோடு, கம்பளி போர்த்திக்கொண்டு. அதன் முனகலை அக்கா பொறுத்துக்கொண்டாள். கீச்சொலி அப்படியே இருக்கட்டும் என்றாள். சிவப்பு விளக்கு கழற்றப்பட்டது.

அதன் இடத்தில் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டு என்னை உட்காரவைத்தார்கள். நான் எழுதிய புத்தகங்கள் யாருக்கும் பயன்பட்டதாகத் தகவல் இல்லை. ஒரு விளக்குக்குப் பதிலாக நான் நன்றாகவே வேலை செய்தேன். தையல்காரர், தண்ணீர் கேன் போடுபவர், வழி தவறி வந்த காப்பீட்டு முகவர், எல்லோரையும் விரலை உதட்டில் வைத்தே திருப்பி அனுப்பினேன்.

அந்த வாரம் பெட்டி நிற்கவில்லை. அத்தான் கிடைத்த காலைகளில் எல்லாம் படித்தார். "மேசை மேல் மூன்று மாம்பழங்கள் உள்ளன", "நாளை மழை வருமா?" என்று யாருக்கும் வேண்டாத வாக்கியங்கள். கரகரத்தால் அக்கா நிறுத்துவாள், ஆறியதும் மறுபடி. ஒரு வாக்கியத்தைக்கூட அவள் விட்டுக்கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

7

முடிவுகள்.

(அ) கடைசி நாள் நிஜமாகவே மின்சாரம் போகிறது. கீச்சொலி கேட்கிறது. பெட்டி உண்மை சொல்லி, பத்திரமாக நின்று, எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது. எழுதி முடித்ததும் எனக்கே கைதட்டத் தோன்றியது. ஆனால் மின்சாரம் போகவில்லை.

(ஆ) கடைசி நாள் நடந்தது. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் வழியே பார்த்தேன். கடைசி வாக்கியம் முடிந்தது. அக்கா ஹெட்போனைக் கழற்றினாள், பதிவை நிறுத்தினாள், மைக்கின் ஒயரையே பிடுங்கி மேசையில் வைத்தாள். அத்தான் அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. அவர் பேசினார். ரொம்ப நேரம் பேசினார், அல்லது எனக்கு அப்படிப் பட்டது. கதவு ஒரு சத்தத்தையும் வெளியே விடாது. அதற்காகத்தான் அவ்வளவு செலவு செய்து போட்ட கதவு. தையல்காரர் வந்தார். நான் திரும்பாமலே கையைக் காட்டினேன்.

அவர் என்ன பேசினார் என்று எழுதிப் பார்த்தேன். முதல் முயற்சியில் காதல், ஏழு ஜென்மம். அக்கா படித்தாள்: "இப்படிப் பேசியிருந்தா நான் அப்பவே டாக்டருக்கு போன் பண்ணியிருப்பேன்." இரண்டாவதில் கேஸ் சிலிண்டர், காரின் இன்ஷூரன்ஸ், மாடிக் கதவின் தாழ்ப்பாள். கொஞ்ச நேரம் தாளைக் கையிலேயே வைத்திருந்தாள். "கிட்ட வந்துட்ட. ஆனா இல்ல." மூன்றாவதை அவளுக்குக் காட்டாமலே கிழித்துவிட்டேன்.

(இ) அறுவை சிகிச்சை முடிந்தது. அத்தான் வீட்டில் இருக்கிறார். கழுத்தில் கட்டு, மடியில் கருவி. நேற்று போய் நேராகவே கேட்டேன்: "அத்தான், அன்னைக்கு மைக்க எடுத்த பிறகு அக்காகிட்ட என்ன சொன்னீங்க? கதை நிக்குது."

விரல்கள் மெதுவாகத் தட்டின. கருவி பேசியது. அச்சாக அவர் குரல், கொஞ்சம் அவசரமில்லாத குரல். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அது அவளுக்கு மட்டும் சொன்னது, மாப்ள. இந்தக் குரல்ல சொல்லமாட்டேன்."

கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவனால் இதற்கு மேல் எழுத முடியாது. கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். வேண்டுமானால் உங்கள் வீட்டு ஆள் யாராவது சொன்னதை அங்கே எழுதிக்கொள்ளுங்கள். அத்தான் சொன்னது அக்காவிடம் இருக்கிறது.

[                    ]