தேயிலைப் பெட்டி அலமாரி

"எங்க வீட்டு அலமாரி ஒருநாள் கூடத்துல நடந்து வந்து, மாடிப்படிகிட்ட நின்னு, எங்க வீட்டம்மா கையில முகூர்த்தப் புடவையைக் குடுத்துச்சு" என்று ஜெகநாதன் சொன்னதும், செய்யாரிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் கல்யாணப் பந்தியில் சாம்பாரை மறந்து சிரித்தார்கள். பெண்ணின் தகப்பனாரான இவர் பெரணமல்லூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயரானவர், பிரேக் பிடிக்காத வண்டியை வெறும் விசிலாலேயே நிறுத்தியவர் என்பதெல்லாம் நிச்சயதார்த்தத்திலேயே அவர்கள் கேட்டாயிற்று.

"நம்பலையா? எங்க மச்சானைக் கேளுங்க. பக்கத்துலதான் நின்னுகினு இருந்தாரு."

ரச வாளியோடு வந்த சுப்பராயலு காது கேட்காதவன்போல அடுத்த இலைக்குப் போய்விட்டான். ஜெகநாதனின் மனைவி தெய்வநாயகியின் தம்பி அவன். பஜாரில் இரும்பு பீரோ கடை வைத்திருப்பவன். மாமா சொல்வதில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டு, மிச்சத்தையும் நம்பாமல் இருப்பது அவன் வழக்கம்.

அலமாரி என்னவோ நிஜம். ரிட்டயரான கையோடு, டீத்தூள் மண்டியில் தூக்கிப் போட்ட பலகைப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார் ஜெகநாதன். விளிம்பெல்லாம் தகரப் பட்டை, உள்ளே வெள்ளிபோல மின்னும் தாள். கீழ் வரிசைப் பெட்டிகளை எலி நுழையாமல் மூடி வைத்து அடைத்து, கரையான் ஏறாமல் தாரை வழிய வழியப் பூசினார். மேல் வரிசையைத் திறந்த தட்டுகளாக வைத்து எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து அடித்தார். இடுப்பளவு உயரம். ஆணி அடித்த சத்தத்தில் வெம்பாக்கம் வரைக்கும் மாடுகள் மிரண்டதாக அவரே சொல்லிக்கொண்டார்.

"இன்னா மாமா, அலமாரி பண்றீங்களா, ரோடு போடுறீங்களா? சுவத்துல ஆணி அடிச்சு நிறுத்தாம ஆடிகினு கீது பாருங்க" என்றான் சுப்பராயலு.

"வெள்ளிக்கிழமை அடிச்சிடறேன் மச்சான்."

எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் போயின. அந்த அலமாரியின் மேல் தட்டில்தான் தெய்வநாயகி அந்தப் புடவையை வைத்திருந்தாள். ஊரார் கல்யாணங்களுக்கு நெய்து நெய்து தேய்ந்த கை, மகள் காவ்யாவுக்கென்று நெய்த அரக்குப் புடவை. தம்பி சீராகக் கொடுத்த பீரோவில் வைத்தால் துருக்கறை படியும் என்று பயம். ஆனால் ஆடுகிற அலமாரி என்றைக்காவது குப்புற விழுமே என்றும் பயம். கடைசியில் ஒரு மழைநாள் காலையில், "நீயாவது வந்து அடிச்சிட்டுப் போடா" என்று தம்பியை வரவழைத்தாள். அவன் சுத்தியலும் ஆணியுமாக வந்து, டீ குடித்துவிட்டு அடிக்கலாம் என்று உட்கார்ந்தான்.

டம்ளர் பாதியில் இருக்கும்போது தெருவில் கூச்சல். ஏரி உடைந்துவிட்டது.

தண்ணீர் புழக்கடை வழியாக வந்தது. முதலில் தறிக்குழியை நிரப்பியது, பிறகு தறியை, பிறகு யாரையும் கேட்கவில்லை. ஜெகநாதனும் சேர்ந்து மூவரும் மாடிப்படியில் ஏறி நின்றார்கள். மார்பளவு வெள்ளம். பீரோ நின்ற இடத்திலேயே நின்று, வாய் நிறையக் குடித்துக்கொண்டிருந்தது.

"என் பொண்ணு புடவைடா!" என்று தெய்வநாயகி இறங்கப் பார்த்தாள்.

"அக்கா, போவாத! ஆளையே இழுத்துடும்." தம்பி அவள் கையை விடவில்லை.

அப்போதுதான் கூடத்து மூலையில் ஏதோ முனகியது. தண்ணீரோடு சேர்ந்து உயர்ந்திருந்த அலமாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, நிமிர்ந்தது. தார் பூசிய பெட்டிகள் பாதி மூழ்கி மேல் தட்டைத் தூக்கிப் பிடித்திருந்தன. தூணைச் சுற்றிக்கொண்டு, அவசரமில்லாமல், தேர் திரும்புகிற மாதிரி ஒரு திரும்பல். நனைந்த பலகையிலிருந்து டீத்தூள் வாசனை வீடு முழுக்க எழுந்தது. ஆயுள் முழுக்க எதையும் இழுத்து நீட்டியே சொன்ன ஜெகநாதனுக்கு, இதில் இழுக்க ஓர் அங்குலம்கூட இல்லை என்பது தெரிந்தது. படியில் மெல்ல முட்டி அலமாரி நின்றது. தெய்வநாயகி குனிந்து தட்டிலிருந்து துணி மூட்டையை எடுத்துப் பிரித்தாள். உலர்ந்த பட்டு, மொடமொடவென்று.

"வெள்ளத்துல அலமாரி நடக்குமா சம்பந்தி?" என்று பந்தியில் இன்னும் யாரோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெகநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மணமக்களைப் பந்திக்கு அழைத்து வந்தார்கள். காவ்யா எதிர் இலையில் உட்கார்ந்து அரக்கு முந்தானையைச் சரிசெய்தபோது, சந்தன வாசனைக்கு அடியில் மெலிதாக டீத்தூள் வாசனை வந்தது.

சுப்பராயலு வாளியைக் கீழே வைத்தான்.

"நடக்கல. மெதந்து வந்துது" என்றான், யாரையும் பார்க்காமல். "நான் பார்த்தேன். ஆணி பூரா என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. டீ மட்டும் குடிக்காம இருந்திருந்தேன்னா அடிச்சிருப்பேன். புடவையும் அங்கியே முழுகியிருக்கும்."

பந்தியில் சிரிப்பு நின்றது. ஜெகநாதன்கூட ஒன்றும் சேர்க்கவில்லை. சுப்பராயலுவின் கை தன் புதுச் சட்டையின் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே வைத்த வாளியில் ரசம் இன்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.